ஊர்க் காசு ஊராட்சிக்கு ஏன் வருவதில்லை?

மார்ச் பிறந்துவிட்டால் ஊராட்சிச் செயலர்களுக்கு அது வீட்டு வரி மாதம். நிதியாண்டு முடிவதற்குள் கேட்புப் பதிவேட்டில் உள்ள தொகையை வசூலித்துக் காட்டியாக வேண்டும். ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களின் கண்மாய்க்கரை ஊர்களில் இந்த வசூல் நடக்கும் விதத்தைக் கூடவே நடந்து பார்க்க வேண்டும். கூரை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, "அடுத்த வாரம் வாப்பா, நூறு நாள் காசு ஏறிரட்டும்" என்பார். சொன்னபடி அடுத்த வாரம் கொடுத்தும்விடுவார். அவர் கட்ட வேண்டிய தொகை பெரும்பாலும் வருடத்துக்கு நூறு ரூபாயைத் தொடாது. அதே தெருவில் வளைகுடாச் சம்பாத்தியத்தில் எழும்பிய மாடி வீடு நிற்கும். கிரானைட் தூண், தேக்குக் கதவு, கதவில் பூட்டு. வீட்டுக்காரர் வெளிநாட்டில், மனைவி பிள்ளைகள் படிப்புக்காக மதுரையில். பதிவேட்டைப் புரட்டினால் அந்த வீடு இன்னமும் அப்பா காலத்து ஓட்டு வீடாகவே இருக்கும். ஓட்டு வீட்டுக்கான வரிகூட மூன்று வருடம் நிலுவையில் கிடக்கும்.

இந்த ஊரில் பணமே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. வெளிநாட்டுப் பணம் மாதாமாதம் வங்கிக்கு வருகிறது. கடைத்தெருவில் நகைக்கடன் நிறுவனங்களின் பலகைகள் பெருகியிருக்கின்றன. கும்பாபிஷேகத்துக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டால் சில வாரங்களில் லட்சக்கணக்கில் சேர்ந்துவிடுகிறது. ஆனால் ஊராட்சியின் கணக்கில் டேங்க் ஆபரேட்டர் சம்பளத்துக்கே இழுபறி. மோட்டார் காயில் எரிந்தால் மாற்றுவதற்குத் தலைவர் சொந்தப் பணத்தைப் போட்டுவிட்டுப் பின்னால் பில் போடுகிறார்.

இது ஒன்றிரண்டு மாவட்டங்களின் கதை மட்டும் இல்லை. ரிசர்வ் வங்கி 2024 ஜனவரியில் இந்திய ஊராட்சிகளின் நிதிநிலை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 2022-23ஆம் ஆண்டில் ஊராட்சிகளின் மொத்த வருவாய் 35,354 கோடி ரூபாய். அதில் ஊராட்சிகள் தாங்களே விதித்து வசூலித்த வரி வெறும் 737 கோடி. குத்தகை, கட்டணம் போன்ற வரியல்லாத வருவாய் 1,494 கோடி. மத்திய அரசு மானியம் மட்டும் 24,699 கோடி. ஓர் ஊராட்சிக்குச் சராசரியாகப் பிரித்தால் சொந்த வரி வருடத்துக்கு 21 ஆயிரம் ரூபாய், வரியல்லாத வருவாய் 73 ஆயிரம். மத்திய அரசிடமிருந்து வருவதோ சுமார் 17 லட்சம், மாநிலத்திடமிருந்து மூன்றேகால் லட்சம்.

வருடத்துக்கு 21 ஆயிரம் ரூபாய் வரி வசூலிக்கும் ஓர் அமைப்பை நாம் அரசாங்கம் என்று அழைக்கிறோம். 1993 ஏப்ரல் 24ஆம் தேதி நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 29 துறைகளை ஊராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்றது. குடிநீர், சாலை, சிறுபாசனம், ஆரம்பக் கல்வி, சுகாதாரம் என்று நீளும் பட்டியல் அது. பொறுப்பு இவ்வளவு பெரிதாக இருக்கும்போது வரும்படி ஏன் இவ்வளவு சிறிதாக இருக்கிறது என்று கேட்டால், அலுவலகங்களில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: ஜனங்கள் வரி கட்டுவதில்லை. இந்தப் பதில் சோம்பேறித்தனமானது என்றே நான் நினைக்கிறேன். ஓர் ஊரில் என்ன தொழில் நடக்கிறது, கூலி எங்கே கிடைக்கிறது, நிலம் யார் கையில், யார் யார் வீட்டு வாசலுக்குப் போய்க் காசு கேட்க முடியும் என்பவைதான் அந்த ஊராட்சியின் வருவாயைத் தீர்மானிக்கின்றன. நம்முடைய வரிச் சட்டமோ இவை எதையும் பார்க்காமல் கூரையை மட்டும் அண்ணாந்து பார்க்கிறது.

கூரை, ஓடு, தளம்

1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கிராம ஊராட்சிக்குக் கொடுத்திருக்கும் முக்கியமான வரிகள் இரண்டு: வீட்டு வரி, தொழில் வரி. விளம்பர வரி, குடிநீர்க் கட்டணம், கட்டட வரைபட அனுமதிக் கட்டணம், தொழில் உரிமக் கட்டணம் ஆகியவையும் உண்டு. ஊரில் விற்கும் சரக்குக்கான ஜி.எஸ்.டி. மத்திய, மாநில அரசுகளுக்கு. ஊர் எல்லையில் இருக்கும் டாஸ்மாக் கடையின் வரி மாநிலத்துக்கு. நெல்லோ பருத்தியோ விளைந்து விற்றால் அதில் ஊராட்சிக்குப் பங்கில்லை. ஆக, ஊரில் நடக்கும் பணப் புழக்கத்தில் பெரும்பகுதி ஊராட்சியின் கைக்கு எட்டாத உயரத்தில் நடக்கிறது.

மிச்சம் இருப்பது வீடு. கூரையா, ஓடா, தளமா என்று பார்த்து, சதுர அடியைக் கணக்கிட்டு, அரசு வகுத்த குறைந்தபட்ச, அதிகபட்ச வரம்புக்குள் ஊராட்சி மன்றம் தீர்மானம் போட்டு வரி விதிக்கும். ஒரு காலத்தில் இது நியாயமான அளவுகோலாகத்தான் இருந்தது. தளம் போட்ட வீடு என்றால் பண்ணையார் வீடு, அரசு ஊழியர் வீடு என்று பார்த்தவுடன் தெரிந்த காலம் அது. இன்று நிலைமை வேறு. 2010இல் வந்த கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம், பிரதமரின் வீட்டுத் திட்டம் என்று குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றும் வேலை தொடர்ந்து நடக்கிறது. நல்ல வேலைதான், நடக்க வேண்டியதுதான். ஆனால் அரசு கொடுத்த மூன்றரை லட்சத்தோடு கடனும் வாங்கித் தளம் போட்ட கூலிக் குடும்பம், பதிவேட்டில் ஒரே நாளில் உயர்ந்த வகைக்குத் தாவிவிடுகிறது. அதே வரிசையில் நாலு ரைஸ் மில் வைத்திருப்பவரின் வீடும் தளம்தான். தளத்தை வைத்து ஏழை, பணக்காரரைப் பிரிக்கும் காலம் போய்விட்டது.

தொழில் வரியின் கதை இதைவிட மோசம். அரசியல் சட்டத்தின் 276ஆவது பிரிவு, ஒருவரிடம் ஆண்டுக்கு இவ்வளவுக்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது என்று உச்சவரம்பு விதிக்கிறது. தொடக்கத்தில் 250 ரூபாயாக இருந்த வரம்பு 1988இல் 60ஆவது திருத்தத்தின் மூலம் 2,500 ரூபாயானது. அன்றிலிருந்து இன்றுவரை அதே 2,500தான். 1988இல் ஒரு கல்லூரிப் பேராசிரியர் வாங்கிய சம்பளம் என்ன, இன்று என்ன என்று யோசித்தால் இந்த வரம்பு எவ்வளவு பழையது என்று புரியும். தமிழ்நாட்டின் தொழில் வரிப் படிநிலையில் அரையாண்டு வருமானம் 75 ஆயிரத்தைத் தாண்டினால் உச்சப் படி. அதாவது மாதம் பன்னிரண்டரை ஆயிரத்துக்கு மேல் வாங்கும் கம்பெனித் தொழிலாளியும், மூன்று லட்சம் வாங்கும் அதே கம்பெனியின் மேலாளரும் ஒரே தொகையைக் கட்டுகிறார்கள். வரி என்ற சொல்லுக்கே அடிப்படையாக இருக்க வேண்டிய நியாயம் இதில் இல்லை.

சம்பளச் சீட்டு இருப்பவரிடமிருந்துதான் இதைப் பிடிக்க முடியும் என்பது அடுத்த சிக்கல். கொத்தனார், சித்தாள், ஆடு மேய்ப்பவர், சீசனுக்குக் கேரளா போய்வருபவர் என்று நிறைந்த ஊரில் தொழில் வரி என்பது பள்ளிக்கூட ஆசிரியர், கிராம நிர்வாக அலுவலர், கூட்டுறவுச் சங்கச் செயலர், நாலைந்து கடைக்காரர்கள் ஆகியோரோடு முடிந்துவிடும்.

வேலை ஓர் ஊரில், குடியிருப்பு இன்னோர் ஊரில்

இதற்கு நேர் எதிர்முனையில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதி. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது முதல், அந்த வட்டாரத்து ஏரிக்கரை ஊராட்சிகளின் தலையெழுத்து மாறியது. தொழிற்சாலைக் கட்டடங்களின் வரி, ஆயிரக்கணக்கான ஊழியர்களின் தொழில் வரி, வரைபட அனுமதிக் கட்டணம் என்று சில ஊராட்சிகளின் சொந்த வருவாய் கோடிகளில் போகிறது. அந்தத் தலைவர்கள் மானியத்துக்காக வட்டார வளர்ச்சி அலுவலரின் (பி.டி.ஓ.) அலுவலகத்தில் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த வட்டாரத்துக்குள்ளேயே இன்னொரு வகை ஊர் உண்டு. அங்கே ஆலை இல்லை, ஆலைக்குப் போகிறவர்கள் குடியிருக்கிறார்கள். வயக்காட்டை மனையாக்கி, வரிசையாக லைன் வீடு கட்டி, ஓர் அறைக்கு ஐந்தாறு பேர் என்று வாடகைக்கு விட்டிருப்பார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள், தென் மாவட்டங்களிலிருந்து வந்த பெண்கள். தொழில் வரியை முதலாளி பிடித்து, ஆலை இருக்கும் ஊராட்சிக்குத்தான் கட்டுகிறார். தொழிலாளி குளிக்கும் தண்ணீர், கொட்டும் குப்பை, நடக்கும் தெரு, எரியும் விளக்கு எல்லாம் குடியிருக்கும் ஊராட்சியின் செலவு. லைன் வீட்டுக்காரருக்கு மாத வாடகை லட்சத்தைத் தாண்டலாம். ஊராட்சிக்கு வருவது சதுர அடிக் கணக்கில் போட்ட சில ஆயிரம். வந்து தங்குபவர்களுக்கு அந்த ஊரில் ஓட்டு இல்லை. ஆகவே அவர்களுக்காகக் கழிவுநீர் வாய்க்கால் கேட்க கிராம சபையில் குரலும் இல்லை. திருப்பூரைச் சுற்றிய ஊர்களிலும் ஓசூரைச் சுற்றிய ஊர்களிலும் இதே நிலைதான்.

ஒரே ஆலையை நம்பியிருப்பதிலும் ஆபத்து உண்டு. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டபோது, அதை நம்பி வங்கிக் கடனில் அறைகள் கட்டியவர்களின் நிலை என்ன ஆனது என்பதை அந்த வட்டாரம் இன்னும் மறக்கவில்லை.

நில விற்பனையும் இப்படித்தான். தமிழ்நாட்டில் பத்திரப் பதிவின்போது கட்டும் ஏழு சதவீத முத்திரைத் தீர்வையில் இரண்டு சதவீதம் உள்ளாட்சிக்கு உரியது. பதிவுத் துறை வசூலித்து அரசு வழியாகத்தான் அது வந்து சேர்கிறது. மனை விற்பனை சூடாக இருக்கும் இடங்களில் இது பெரிய தொகை. தலைமுறைக்கு ஒருமுறை பாகப்பிரிவினைக்காக மட்டும் பத்திரம் எழுதும் ஊர்களில் நினைத்துப் பார்க்கவும் முடியாத தொகை.

வறண்ட ஊர்களுக்கு என்னதான் கதி? கண்மாயின் மீன்பாசிக் குத்தகை, சாலையோரப் புளியமர ஏலம், சீமைக் கருவேல மரங்களை வெட்டி எடுக்கும் ஏலம், சந்தை இருந்தால் சந்தைக் குத்தகை. மழை பெய்து கண்மாய் நிறைந்தால் மீன். பெய்யாவிட்டால் கருவேலம். வானம்தான் அந்த ஊராட்சியின் நிதியமைச்சர். இதிலும் எல்லாம் ஊராட்சிக்கு என்று இல்லை. பெரிய கண்மாய்கள் நீர்வளத் துறையிடம், 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ளவை ஊராட்சி ஒன்றியத்திடம் என்று பிரிந்து கிடக்கின்றன.

செலவுப் பக்கமும் இதே ஏற்றத்தாழ்வுதான். விவசாயப் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். அதே ஊரின் குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் ஊராட்சி மின் கட்டணம் கட்ட வேண்டும். நிலத்தடி நீர் கீழே போகப் போக மோட்டார் அதிக நேரம் ஓடுகிறது, கட்டணம் ஏறுகிறது. மாநில நிதிக் குழு மானியத்தில் கணிசமான பங்கு மின் வாரியத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் போய்விடுகிறது என்பது தலைவர்களின் நீண்ட காலப் புலம்பல். தண்ணீர் பஞ்சம் உள்ள ஊருக்குத்தான் தண்ணீர்ச் செலவும் அதிகம். ஏழை ஊர் என்பதற்காக மின் வாரியம் சலுகை காட்டுவதில்லை.

யார் வாசலில் யார் கேட்பது?

வரி வசூல் என்பது கணக்கு வேலையைக் காட்டிலும் அதிகார வேலை. ஒருவர் வீட்டு வாசலில் நின்று, "மூணு வருஷப் பாக்கி இருக்கு" என்று சொல்வதற்குச் சட்டம் மட்டும் போதாது, ஊரில் அவருடைய சொல்லுக்கு மதிப்பு இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமத்தில் அந்த மதிப்பு சாதியைத் தாண்டி எளிதில் வருவதில்லை. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதால் 1996 முதல் 2006 வரை அங்கே தேர்தலையே ஒழுங்காக நடத்தவிடவில்லை. மேலவளவு ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவருடன் இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், ஊராட்சித் தலைவரான தலித் பெண் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படத்தை நாடே பார்த்தது. நாற்காலியே மறுக்கப்படும் தலைவர், ஆதிக்க சாதியின் பெரிய வீடுகளை அளந்து மறுமதிப்பீடு செய்யத் தீர்மானம் கொண்டுவருவார் என்று எதிர்பார்ப்பது அவருக்குச் செய்யும் அநீதி. வரி வசூல் சதவீதப் பட்டியலில் அந்த ஊராட்சி கடைசியில் இருந்தால், திறமையில்லாத தலைவர் என்று எழுதிவிடுகிறார்கள்.

எல்லா ஊரிலும் உள்ள இன்னொரு சங்கடம், தலைவரும் வரி கட்ட வேண்டியவரும் மாமன் மச்சானாக இருப்பது. ஐந்து வருடம் கழித்து மறுபடியும் அதே வாசலுக்கு ஓட்டுக் கேட்டுப் போக வேண்டும். வரியை உயர்த்திச் சாலை போடுவதைவிட, எம்.எல்.ஏ.வைப் பார்த்து நிதி வாங்கிச் சாலை போடுவது ஓட்டுக்கு நல்லது.

ஆனாலும் மக்கள் வரி கொடுக்க மனமில்லாதவர்கள் என்ற வாதத்தை நான் ஏற்க மாட்டேன். தலைக்கட்டு வரியைப் பாருங்கள். ரசீது, அபராதம், நோட்டீஸ் எதுவும் இல்லாமல் வசூலாகிறது. யார் எவ்வளவு கொடுத்தார் என்று பெயர் வாசிக்கிறார்கள், செலவுக் கணக்கை ஊர்க் கூட்டத்தில் படிக்கிறார்கள், கோபுரம் கண்ணுக்கு முன்னால் எழும்புகிறது. விலக்கப்பட்டவர்களின் காசை வாங்க மறுக்கும் கொடுமையும் அதே ஏற்பாட்டில் உண்டு என்பதை மறந்துவிட்டு அதைக் கொண்டாட முடியாது. ஆனால் காசு எங்கே போகிறது என்று தெரிந்தால் கொடுப்பார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி இதை வேறு விதத்தில் காட்டியது. 1996 முதல் 2006 வரை தலைவராக இருந்த ஆர். சண்முகம் காலத்தில், ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சம் ரூபாயோடு வங்கிக் கடனையும் சேர்த்து, 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை உடுமலை அருகே மைவாடியில் 2006இல் நிறுவினார்கள். ஊரின் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின் வாரியத்துக்கு விற்று ஆண்டுக்குச் சுமார் 19 லட்சம் ரூபாய் வருவாய் பார்த்தார்கள். வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இந்தச் சாதனையைச் சொல்லிவிட்டு, மற்ற ஊராட்சிகள் ஏன் இப்படிச் செய்யவில்லை என்று அதிகாரிகள் கேட்பது வழக்கம். 40 லட்சம் சேமிக்க முடிந்த ஊர் அது என்பதைக் கவனிக்க வேண்டும். ஊட்டிச் சாலையை ஒட்டிய, தொழில் வளம் சூழ்ந்த கொங்கு மண்ணில், கடன் கொடுக்க நம்பிக்கையோடு வங்கி முன்வரும் இடத்தில், உறுதியான தலைவர் ஒருவரும் வாய்த்தார். ராமநாதபுரம் மாவட்டத்து முதுகுளத்தூர் பக்கத்து ஊராட்சிக்கு அதே உறுதியுள்ள தலைவர் கிடைத்தாலும் அந்த 40 லட்சம் எங்கிருந்து வரும்?

கிராமமாகவே இருக்க ஆசைப்படும் நகரங்கள்

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 48.4 சதவீதம் பேர் நகரவாசிகள். இவர்களில் ஒரு பகுதியினர், கணக்கெடுப்பு ஊர் நகரமாகிவிட்டது என்று சொன்ன பிறகும் கிராம ஊராட்சியின் கீழேயே இருப்பவர்கள். அப்படி 376 ஊர்கள். மாடி வீடுகள், பேக்கரிகள், பள்ளிப் பேருந்துகள் எல்லாம் இருக்கும். பாதாளச் சாக்கடை இருக்காது.

மானியம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் ஊரின் பெயர்ப்பலகை சாய்கிறது. 2004இல் தமிழக அரசு ஐந்நூறுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகள் என்று மாற்றியது. ஊரக வளர்ச்சிக்கான மத்திய நிதி கிடைக்கும் என்பதே காரணம். 2006இல் மறுபடியும் அவை பேரூராட்சிகளாயின. 2025 ஜனவரியில் பல ஊராட்சிகளை அருகிலுள்ள நகராட்சி, மாநகராட்சிகளோடு இணைக்கும் அறிவிப்பு வந்தபோது, மாநிலம் முழுக்கக் கலெக்டர் அலுவலகங்களின் முன்னால் பெண்கள் திரண்டு நின்றார்கள். நகராட்சியானால் நூறு நாள் வேலை போய்விடும், சொத்து வரி ஏறிவிடும் என்பது அவர்கள் பயம். அந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்கியவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. ஒரு விவசாயக் கூலிக் குடும்பத்துக்கு நகரமாவது என்பது வருமானத்தில் ஒரு பகுதியை இழந்து, செலவில் ஒரு பகுதியைக் கூட்டிக்கொள்வது. பதிலுக்கு உடனே கைக்கு வருவது எதுவும் இல்லை.

நகரங்களின் கதையிலும் அரசியல் இல்லாமல் இல்லை. சென்னையில் 1998இலும், பிற நகரங்களில் 2008இலும் சொத்து வரி திருத்தப்பட்டது. அதன் பிறகு 2018இல்தான் உயர்த்தினார்கள். உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய 2019 நவம்பரில் அதை நிறுத்திவைத்தார்கள். 2022 பிப்ரவரியில் நகர்ப்புறத் தேர்தல் முடிந்தது, ஏப்ரலில் உயர்வு வந்துவிட்டது. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவித்தால்தான் மானியம் என்று 15ஆவது நிதிக் குழு நிபந்தனை போட்டிருந்ததும் ஒரு காரணம். ஆனால் அந்தத் திருத்தத்தில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடிக்குக் குறைந்த வீடுகளுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 150 சதவீதம் என்று உயர்வைப் படிப்படியாகப் பிரித்தார்கள். இருபத்து நான்கு வருடம் தூங்கிவிட்டு ஒரே நாளில் விழித்ததுதான் தவறு.

வெளியே கொஞ்சம் பார்ப்போம்

உகாண்டாவில் வயதுவந்த ஆண்கள் எல்லோரும் கட்ட வேண்டிய படிநிலைத் தனிநபர் வரி ஒன்று காலனி காலத்திலிருந்து இருந்தது. மாவட்டங்களின் சொந்த வருவாயில் பெரும்பகுதி அதுதான். வசூல்காரர்கள் வந்தால் ஆண்கள் புதருக்குள் ஓடி ஒளிந்தார்கள், கட்டாதவர்கள் சிறைக்குப் போனார்கள். தேர்தல் மேடைகளில் அடிபட்டு, 2005இல் வரி ஒழிந்தது. ஏழைகளை வதைத்த வரி ஒழிந்தது நல்லது. ஆனால் அதன் இடத்தில் பணக்காரர்களிடமிருந்து வாங்கும் வரி எதுவும் போதுமான அளவு வரவில்லை. மாவட்டங்கள் தலைநகரின் கையை எதிர்பார்க்கும் நிலைக்கு வந்தன.

சியரா லியோனின் தலைநகர் ஃப்ரீடவுன் வேறு வழியில் போனது. 2020 வாக்கில் மேயர் இவோன் அக்கி-சாயர் தலைமையில் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கட்டடங்களை எண்ணினார்கள். பட்டியலில் இருந்த சுமார் 57 ஆயிரம் கட்டடங்கள் 1,20,000ஐத் தாண்டின. விற்பனை விலை தெரியாத ஊரில் எப்படி மதிப்பிடுவது? சுவர், கூரை, வீதி வசதி, இருப்பிடம் என்று வெளியிலிருந்தே பார்க்கக்கூடிய அம்சங்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். அடித்தட்டு வீடுகளுக்கு வரி குறைந்தது. மேட்டுக்குடி மாளிகைகளுக்குப் பல மடங்கு ஏறியது. எதிர்க்கட்சியைச் சேர்ந்த மேயர் என்பதால் நாட்டு அரசு இடையில் முட்டுக்கட்டை போட்டது. ஆனாலும் கூரையை மட்டும் பார்க்கும் நம் முறைக்கு அதில் பாடம் இருக்கிறது.

இலங்கை மலையகத்தின் நிலை இன்னும் கசப்பானது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆவது பிரிவு காரணமாக, உள்ளாட்சி அமைப்புகளான பிரதேச சபைகள் தேயிலைத் தோட்டப் பகுதிகளுக்குச் செலவு செய்ய முடியாத நிலை முப்பது வருடம் நீடித்தது. தோட்டத் தொழிலாளி சபைத் தேர்தலில் வாக்களிப்பார். அவர் குடியிருக்கும் லயன் அறைக்குப் போகும் பாதையில் ஒரு கல் போட அந்தச் சபையால் முடியாது. லயன் அறைக்கு உறுதிப்பத்திரம் கிடையாது. பத்திரம் இல்லாத கூரைக்குச் சோலைவரி (அங்கே சொத்து வரிக்கு வழங்கும் பெயர்) விதிக்க முடியாது. வரி கட்டாதவர்களுக்கு எதற்குச் சேவை என்று கேட்பதற்கும் அதுவே வசதியான சாக்கு. நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் ஒவ்வொன்றின் எல்லைக்குள்ளும் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேரை அடைத்து வைத்திருந்தார்கள். 2018 தேர்தலுக்கு முன்புதான் அவை ஆறாகப் பிரிந்தன. அதே 2018இல்தான் 33ஆவது பிரிவும் திருத்தப்பட்டது. சட்டம் மாறியது. காணி உரிமை பெரும்பாலானோருக்கு இன்னும் வரவில்லை. உலகம் குடிக்கும் தேயிலையை விளைவிக்கும் மண்ணில் இருக்கும் சபைகள் கையேந்தி நிற்கின்றன.

என்ன செய்யலாம்?

தொழில் வரியின் உச்சவரம்பை நாடாளுமன்றம்தான் உயர்த்த முடியும். முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது, தமிழ்நாட்டு எம்.பி.க்கள் கட்சி வேறுபாடில்லாமல் எழுப்ப வேண்டிய கோரிக்கை இது. உயர்த்தும்போது கீழ்ப்படியில் இருப்பவர்களை அறவே விடுவிக்க வேண்டும். தொழிலாளி வேலை செய்யும் ஊராட்சிக்கும் குடியிருக்கும் ஊராட்சிக்கும் தொழில் வரியைப் பிரித்துக் கொடுக்க மாநில அரசே வழிசெய்யலாம். வாடகைக்கு விடும் லைன் வீடுகளுக்கு வாடகையை ஒட்டிய வரி வேண்டும். பூட்டிக் கிடக்கும் மாடி வீட்டுக்காரர் துபாயிலிருந்தபடியே கட்டலாம். இணையவழியில் வீட்டு வரி கட்டும் வசதியைத் தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்கு அரசு கொண்டுவந்துவிட்டது. அவர் வீட்டை ஓட்டு வீடாகவே பதிவேட்டில் வைத்திருந்தால் அந்த வசதியால் பயனில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு என்ற விதியை உண்மையாக நடத்த வேண்டும். கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியலைக் கிராம சபையில் பெயரோடு படிக்க வேண்டும். பெரிய பாக்கிக்காரர்களின் பெயர்களை முதலில் படிக்க வேண்டும்.

இவை எல்லாம் செய்தாலும் கண்மாய்க்கரை ஊராட்சி ஒரகடம் ஆகிவிடாது. அங்கே மானியம் வேண்டும், அதுவும் தலையெண்ணிக்கைக்கு மட்டும் கணக்குப் பார்க்காமல், ஊரின் வறுமைக்கும் தண்ணீரின் ஆழத்துக்கும் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் மானியம். சொந்தமாக வசூலித்தால்தான் மானியம் என்ற நிபந்தனையை எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி விதித்தால், ஏற்கெனவே இருப்பவனுக்கே மேலும் கொடுப்பதாக முடியும்.

இப்போதைக்கு இதில் எதையும் தொடங்க ஆளில்லை. தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். 2016 முதல் 2019 வரை இப்படித்தான் தேர்தல் இல்லாமல் ஓட்டி, மத்திய நிதிக் குழு மானியம் நின்றுபோய், தெருவிளக்கு மாற்றவும் பணமில்லாமல் ஊர்கள் தவித்தன. ஒன்றிய அலுவலகத்தில் உட்கார்ந்து பல ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்க்கும் ஓர் அதிகாரி, எந்த ஊரில் எந்த வீடு ஓட்டிலிருந்து மாடிக்கு மாறியது என்று அறிய மாட்டார். அறிந்தாலும் வரியைத் திருத்தும் தீர்மானத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர் இல்லை. அந்த ஊரில் ஓட்டுக் கேட்டு ஜெயித்தவர்தான் போட வேண்டும். தேர்தலை நடத்துங்கள்.